கடல் எடுக்காத பேச்சு

உப்பளத்தில் கூலிக்குப் போகிறவளுக்குப் பொய் சொல்ல வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அமுதவல்லிக்கு வந்தது. அதற்கு அவள் வாயைக்கூடத் திறக்கவில்லை. தலையை ஆட்டியே சொல்லி முடித்துவிட்டாள்.

சுனாமி வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. மரக்காணம் கரையோரத்தில் குடிசை போனவர்களையெல்லாம் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருந்தார்கள். வகுப்பறை முழுக்கப் பாயும் மூட்டையும் அழுகையும்தான். அந்தக் கூட்டத்தில் ஒரு மூலையில் அமுதவல்லி தன் ஆறு வயது மகள் மலர்கொடியோடு கிடந்தாள். அந்தப் பெண் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. தொட்டால் கத்தியது. விசாரிக்க வந்த வெளியூர்க்காரர் ஒருவர், "பாப்பா பேசுமாம்மா?" என்று கேட்டார். அமுதவல்லி என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள் பக்கத்துப் பாயிலிருந்த பாஞ்சாலை முந்திக்கொண்டாள்.

"எங்க சார் பேசுது? அலையப் பார்த்ததுலேர்ந்து வாயடைச்சிப்போச்சு. பாவம், பச்ச மண்ணு."

அவர் அமுதவல்லியைப் பார்த்தார். அமுதவல்லி தலையை ஆட்டினாள். பொய் அவ்வளவுதான்.

நிஜம் என்னவென்றால், மலர்கொடி பிறந்ததிலிருந்தே ஒரு வார்த்தை பேசியதில்லை. காது நன்றாகக் கேட்கும். தூரத்தில் குடத்தைக் கீழே வைக்கிற சத்தத்துக்குத் திரும்புவாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். முகத்தைப் பார்க்கமாட்டாள். சோற்றில் குழம்பு பட்டுவிட்டால் தட்டைத் தள்ளிவிடுவாள். ஒரு பிடி உப்பை அள்ளி விரலிடுக்கில் ஒழுகவிட்டுப் பொழுது சாயும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். வசம்பைச் சுட்டு நாக்கில் தடவியாயிற்று. கோயில் மணியில் தண்ணீர் வார்த்துக் குடிக்கக் கொடுத்தாயிற்று. தாயத்து கட்டினால் அதை அறுத்துப் போடுகிறவரை ஊரைக் கூட்டினாள்.

புருஷன் தங்கராசுவின் ஊர் உள்பக்கம். அங்கே எல்லோரும் சேர்ந்து ஒரு தீர்ப்பு எழுதிவிட்டார்கள். கைக்குழந்தையைப் பாத்தி ஓரத்தில் கருவேல மரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டு இவள் உப்பு வாரினாளாம். வெள்ளை வெளேரென்று கிடக்கிற உப்பின் வெளிச்சம் குழந்தை கண் வழியாக ஏறி மூளையைச் சுட்டுவிட்டதாம். உப்பளத்து ஜனங்களுக்கு இது ஒன்றும் புதுசு இல்லை. பெரியவர்களுக்கே கண் பூத்துப்போகிற வெளிச்சம், பிஞ்சுக்கு என்ன ஆகும் என்று கேட்டால் யாரால் இல்லை என்று சொல்ல முடியும்? அமுதவல்லியே அதை நம்பினாள். தூளிமேல் போட்ட புடவை காற்றில் விலகிக் கிடந்த ஒரு மத்தியானம் அவள் நினைவில் முள்ளாகத் தைத்திருந்தது. "உன் வேலைதான் இது. நீயே வெச்சி அழு" என்று தங்கராசு ஒரு நாள் பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டான்.

கார்த்திகைக் கடைசியில் மகளை இழுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் வந்து ஒரு குடிசையை வாடகைக்குப் பிடித்தாள். மழைக்காலத்தில் உப்பு விளையாது. ஓலை போட்டு மூடிவைத்த குவியல்களை மூட்டை கட்டுகிற வேலை மட்டும் இருந்தது. அக்கம்பக்கத்தில் அவள் பேர் தெரிவதற்கு முன்னாலேயே அலை வந்துவிட்டது. அன்றைக்குக் காலையில் அவர்கள் உப்பளத்தில் இருந்தார்கள். கால்வாய் வழியாக ஏறிவந்த தண்ணீர் பாத்தியெல்லாம் நிரம்பி முழங்காலுக்கு வர, மகளைத் தூக்கிக்கொண்டு உப்புக் குவியல்மேல் ஏறி நின்றாள். மலர்கொடி பயப்பட்டாளா? கையைத் தட்டிக்கொண்டு சிரித்தாளய்யா! ஊரே செத்துக்கொண்டிருந்தபோது இந்தக் குழந்தை தண்ணீரைப் பார்த்துக் கிலுகிலுவென்று சிரித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தது பெற்றவள் ஒருத்திதான்.

இப்போது சொல்லுங்கள், அந்தத் தலையாட்டலை அவளால் எப்படித் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும்?

பள்ளிக்கூடத்திலிருந்து தார்த்தகடு அடித்த கொட்டகைகளுக்கு மாற்றினார்கள். ஒரு தடுப்புக்கு அந்தப் பக்கம் பாஞ்சாலையும் அவள் புருஷனும், இந்தப் பக்கம் அமுதவல்லி. மலர்கொடி கத்தினால் முன்பெல்லாம், "அந்தச் சனியனை அடக்கு" என்று சொல்லும் ஊர். இங்கே, "ஐயோ, கனாக் கண்டுட்டாப் போல" என்று நாலு பேர் ஓடிவந்தார்கள். வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு யாராவது வந்தால் அவள் தரையில் விழுந்து புரளுவாள். கடல் சத்தம் ஞாபகம் வருகிறது என்றார்கள். தலை சீவவிடாமல் கடித்தாள். அலையில் முடி சிக்கியிருக்கும் என்றார்கள். எல்லாவற்றுக்கும் கடல்மேல் பழி. அமுதவல்லி மேல் ஒரு சொல் இல்லை. கல்யாணம் ஆனதிலிருந்து அவள் இப்படி மூச்சுவிட்டதே கிடையாது.

பாஞ்சாலைக்கு வாய் பெரிசு. பத்து வீட்டுக்குக் கேட்கும். அவளுடைய ஒரே மகன் கௌதமை அலை கொண்டுபோய்விட்டது. மலர்கொடியைவிட ஒரு வயது சின்னவன். அவள் அழுகிற நேரம் போக மீதி நேரத்தில் எல்லோரையும் திட்டிக்கொண்டே பார்த்துக்கொண்டாள். "ஏண்டி அமுதா, துன்னியா? இன்னா மூஞ்சி இது, கருவாடு மாதிரி? இங்க வா, குழம்பு ஊத்தறேன்." இப்படி உரிமையாகத் திட்டுவதற்கு ஒரு ஆள் இருப்பது எப்பேர்ப்பட்ட சுகம் என்று தனியாக இருந்தவர்களுக்குத்தான் தெரியும். அமுதவல்லி அந்தத் திட்டுக்காகவே சில நாள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலத்தில் இரண்டு பேரும் கொட்டகை வாசலில் உட்காருவார்கள். பாஞ்சாலை மகன் பேசியதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். "'எம்மா, நான் பெரிசானதும் உனக்கு மோட்டார் போட் வாங்கித் தரேன்'னு சொல்லுவான்டி. மீன் கூடைமேல ஏறி உட்கார்ந்துக்கினு சொல்லுவான்." ஒரு நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "உம்பொண்ணு இன்னாடி பேசுவா? உன்ன இன்னான்னு கூப்பிடுவா?"

"அம்மான்னுதான்கா" என்றாள் அமுதவல்லி. சொன்னதும் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. அதில் ஒரு சொட்டும் பொய்யில்லை.

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. "ராத்திரி படுக்கச்சொல்ல, 'அம்மா, கதவ சாத்திட்டியா?'ன்னு கேட்பா." "வேலைக்குக் கிளம்பினா, 'நானும் வரேன்'னு முந்தானையப் பிடிச்சிக்குவா." இல்லாத ஒரு வாயாடிப் பெண்ணை அவள் சொல்லிச் சொல்லி வளர்த்தாள். பாஞ்சாலை கேட்டுக் கேட்டு அழுதாள். போன குரலுக்காக ஒருத்தி, வராத குரலுக்காக ஒருத்தி. அழுகை என்னவோ ஒரே மாதிரிதான் இருந்தது. ஆனால் பாஞ்சாலை எழுந்து உள்ளே போனதும் அமுதவல்லிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற நிஜ மகளைத் திரும்பிப் பார்க்கவே கூசும்.

மாசி பிறந்தபோது சென்னையிலிருந்து ஜெயா வந்தாள். உளவியல் படித்துக்கொண்டிருந்த பெண். பயந்துபோன பிள்ளைகளைத் தேற்றுவதற்காக ஒரு தொண்டு அமைப்பு அனுப்பியிருந்தது. படம் வரையச் சொன்னாள், பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். பிறகு கடற்கரைக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தாள். முதலில் சவுக்குத் தோப்பில் உட்கார்ந்து தூரத்திலிருந்து கடலைப் பார்ப்பது. சில நாள் கழித்து மணல். அதற்கப்புறம் ஈர மணல். கொஞ்சம் கொஞ்சமாகப் பயம் தெளிந்துவிடும் என்றாள். தெளியவும் செய்தது. அலை என்றாலே ஜுரம் வந்த பிள்ளைகள் நண்டு பிடிக்க ஆரம்பித்தார்கள்.

"மலர்கொடியையும் அனுப்புங்கக்கா" என்றாள் ஜெயா.

"வேணாம்மா. அவ ரொம்ப பயப்படுவா."

"பயம் இருக்கிறதாலதான் கூப்பிடுறேன்."

"இன்னொரு நாள் பார்க்கலாம்மா. உடம்பு சுடுது அவளுக்கு."

கேட்கிற நாளெல்லாம் மகளுக்கு உடம்பு சுட்டது. கடலைக் கண்டால் மலர்கொடி நேராக அதற்குள் நடந்துவிடுவாள் என்று அமுதவல்லிக்குத்தான் தெரியும். குடிசைக்கு வந்த புதுசில் கதவுக்குக் கட்டை போட்டுக் காவல் இருந்தவள் அவள். அதை வெளியே சொல்ல வேண்டுமென்றால் மற்றதையும் சொல்ல வேண்டும். மற்றதைச் சொன்னால் பாஞ்சாலை போய்விடுவாள். பெண் பத்திரமாக இருக்க வேண்டும், அக்காவும் வேண்டும். இரண்டையும் முந்தானையில் முடிந்துகொள்ளலாம் என்று பார்த்தாள், பைத்தியக்காரி.

மழைக்காலம் போய் வெயில் ஏறியதும் உப்பளத்தில் வேலை தொடங்கிவிட்டது. விடிவதற்குள் போனால்தான் வெயிலுக்கு முன்னால் வார முடியும். "புள்ளைய நான் பார்த்துக்கறேன், நீ போ" என்றாள் பாஞ்சாலை. அமுதவல்லி போனாள்.

பங்குனியில் ஒரு நாள் அவள் பலகை போட்டு உப்பை வரப்போரம் இழுத்துக்கொண்டிருந்தபோது, கூட வேலை செய்கிற கொளஞ்சி தாமதமாக வந்து சேர்ந்தாள். சும்மாட்டைச் சுற்றிக்கொண்டே சந்தோஷமாகச் சொன்னாள். "பாஞ்சாலை உம்பொண்ண கடலுக்கு இட்டுக்கினு போறா, அமுதா. நான் வரச்சொல்ல வழியில பார்த்தேன். பயத்த தெளியவெச்சி இன்னிக்கு உன்ன அம்மான்னு கூப்பிட வெக்கப்போறாளாம். உங்கிட்ட சொல்லக்கூடாதாம், நான் சொல்லிட்டேன் பாரு."

அமுதவல்லி பலகையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். வரப்பில் ஓடினாள், பாத்தியில் விழுந்து எழுந்தாள், வண்டி வருகிறதா என்றுகூடப் பார்க்காமல் ரோட்டைக் கடந்தாள். மகன் போனதிலிருந்து கடல் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பாதவள் பாஞ்சாலை. தண்ணீர் பிடிக்கப் போனால்கூட மேற்கே பார்த்து நிற்பாள். அப்பேர்ப்பட்டவள் எனக்காகக் கடலுக்குப் போயிருக்கிறாளே, பாவி நான், பாவி நான் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே சவுக்குத் தோப்பைத் தாண்டினாள்.

பாஞ்சாலை இடுப்புத் தண்ணீரில் நின்றிருந்தாள். மலர்கொடியின் பாவாடையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அந்தப் பெண் திமிறி, கையைக் கடித்து, உள்ளே போகப் பார்த்தாள். அலை வந்து இரண்டு பேரையும் முழுக்காட்டிவிட்டுப் போனது. பாஞ்சாலை கத்தவில்லை. குரலே வரவில்லை அவளுக்கு. கொஞ்ச தூரத்தில் பிள்ளைகளோடு இருந்த ஜெயா ஓடிவந்து இறங்க, அமுதவல்லியும் இறங்க, மூன்று பேருமாக இழுத்துக் கரையில் போட்டார்கள்.

பாஞ்சாலை மணலில் மண்டியிட்டுக் கடல் தண்ணீரைக் கக்கினாள். கடித்த இடத்தில் ரத்தம் கசிந்தது.

"கையைப் பிடிச்சிக்கினுதான்டி உட்கார்ந்திருந்தேன்" என்றாள். "பயப்படாதன்னு சொல்லிக்கினு இருந்தேன். உதறிட்டு ஓடுறாடி. சிரிச்சிக்கினே ஓடுறா. பயமே இல்லடி இவளுக்கு!"

"அவளுக்குத் தண்ணின்னா உசுருக்கா."

"அப்ப எதுக்குடி பேச்சு நின்னுது?"

அமுதவல்லி மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். இனி ஒளிக்க இடமில்லை. ஒளிக்கத் தெம்பும் இல்லை.

"நிக்கல அக்கா. பொறந்ததுலேர்ந்தே பேசினதில்ல."

பாஞ்சாலைக்கு உடனே விளங்கவில்லை. "கதவ சாத்திட்டியான்னு கேட்பான்னு சொன்னியே?"

"கேட்டா நல்லா இருக்கும்னு நெனச்சிக்குவேன்கா."

"முந்தானையப் பிடிச்சிக்குவான்னு…"

"அதுவும்தான்கா."

பாஞ்சாலை அவளையே பார்த்தாள்.

"எம்புள்ள பேசினதையெல்லாம் உங்கிட்டதானடி கொட்டினேன்" என்றாள் பாஞ்சாலை மெதுவாக. அவள் இவ்வளவு மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை. "எம்புருஷங்கிட்டகூட சொல்லலியே. நீயும் பறிகொடுத்தவ, உனக்குப் புரியும்னு நெனச்சேன். அப்ப உங்கிட்டேர்ந்து கடல் ஒண்ணும் எடுக்கல?"

அமுதவல்லிக்கு அடித்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. "இல்லக்கா" என்றாள்.

பாஞ்சாலை எழுந்து முந்தானையைப் பிழிந்தாள். திரும்பிப் பார்க்காமல் கொட்டகைப் பக்கம் நடந்தாள்.

ஜெயா அன்றைக்கு வெகுநேரம் சவுக்குத் தோப்பில் அமுதவல்லியோடு உட்கார்ந்திருந்தாள். கேட்டதற்கெல்லாம் அமுதவல்லி முதல் தடவையாக உள்ளதை உள்ளபடி சொன்னாள். பெயரைக் கூப்பிட்டால் திரும்பாதது, முகம் பார்க்காதது, உப்பை ஒழுகவிடுவது, தலை சீவினால் கத்துவது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஜெயா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"நானும் எல்லாத்தையும் பயம்னே பார்த்துட்டேன்கா. என் கண்ணு முன்னாடியே இருந்திருக்கு. இதுக்கு ஆட்டிசம்னு பேரு. நான் முடிவா சொல்லக்கூடாது, பாண்டியில பெரிய டாக்டர்கிட்ட காட்டணும். ஆனா எனக்கு அப்பிடித்தான் தோணுது."

"வெளிச்சத்தால வந்ததாம்மா? தூளியில போட்டு வெச்சிருந்தேன். துணி விலகிக் கிடந்துது." ஆறு வருஷமாக நெஞ்சில் வைத்திருந்த கேள்வி. கேட்டுவிட்டுத் தீர்ப்புக்குக் காத்திருக்கிறவள்போல உட்கார்ந்திருந்தாள்.

"ஐயோ, இல்லக்கா! உப்பு வெளிச்சத்தாலயும் இல்ல, உங்களாலயும் இல்ல. அவ பொறவியே அப்பிடி. நீங்க எதுவும் பண்ணல."

அமுதவல்லி தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. அவள் அழுது முடிக்கட்டும் என்று ஜெயா காத்திருந்தாள்.

"அவளுக்கு எம்மேல ஆசையே இல்லியாம்மா? மூஞ்சியக்கூட பார்க்கமாட்டேங்கிறாளே."

ஜெயா யோசித்து யோசித்துச் சொன்னாள். "நாலு பேர் பேசுற எடத்துல நாம யாரு நம்மகிட்ட பேசுறாங்களோ அவங்க பேச்சை மட்டும் பிடிச்சிக்குவோம். மீதியை மனசு தானா ஒதுக்கிடும். இவளுக்கு ஒதுங்காதுக்கா. தகரம் தட்டுறது, யாரோ இருமுறது, நீங்க கூப்பிடுறது எல்லாம் ஒண்ணா வந்து மேல விழும். மூஞ்சியும் அப்பிடித்தான், ஒரே நேரத்துல அதுல எவ்வளவோ நடக்குது. எது தனக்குன்னு தெரியாது. சுத்தி இத்தனை ஜனம் இருக்கு, உள்ள நுழைய வழி தெரியல. அதான் ஒதுங்கி உட்கார்ந்துக்கறா. ஆசை இல்லைன்னு அர்த்தம் இல்ல. எதிர்ல உட்கார்ந்து பாரு பாருன்னு கேட்காதீங்க. பக்கத்துல சும்மா உட்காருங்க."

"பேசுவாளாம்மா?"

"தெரியலக்கா" என்றாள் ஜெயா. பொய்யாக ஒரு ஆறுதல் சொல்லிவிட்டுப் போகாததற்காக அமுதவல்லி அவளை அப்புறம் பலநாள் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் லாரியில் தண்ணீர் வந்தது. அமுதவல்லி குடத்தோடு போனாள். கொட்டகை முழுக்க விஷயம் தெரிந்திருந்தது. யாராவது பிடித்து உலுக்குவார்கள், மண்ணை வாரித் தூற்றுவார்கள் என்று எதிர்பார்த்தே போனாள். அப்படி நடந்திருந்தால் காலில் விழுந்திருக்கலாம். ஒன்றும் நடக்கவில்லை. எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். குழாயில் நின்ற பாஞ்சாலை தன் குடத்தை நகர்த்தினாள்.

"புடிச்சிக்குங்க" என்றாள்.

ஏண்டி, வாடி, போடி என்று வாய் ஓயாத பாஞ்சாலை, ரேஷன் கடைக்காரரிடம் பேசுவதுபோல மரியாதையாகச் சொன்னாள். கடித்த கையில் துணி சுற்றியிருந்தது.

"வலிக்குதாக்கா?"

"இல்லீங்க."

அமுதவல்லி குடத்தை வைத்தாள். சுற்றிலும் பேச்சு திரும்பத் தொடங்கியது. யாரோ மீன் விலையைச் சொன்னார்கள், யாரோ எதற்கோ சிரித்தார்கள், ஒருத்தி மகனைத் திட்டினாள். குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம், லாரியின் சத்தம், எல்லாம் அவள் காதில் விழுந்தன. அதில் ஒரு சொல்லும் அவளுக்கு இல்லை. எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. கையை எங்கே வைப்பதென்றும் தெரியவில்லை. குடம் நிரம்பி வழிந்ததைக்கூடக் கவனிக்காமல் நின்றவள், யாரோ குழாயை மூடியதும் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக் கொட்டகைக்குள் வந்து சேர்ந்தாள்.

மலர்கொடி தடுப்பைப் பார்த்து உட்கார்ந்து, காதைப் பொத்திக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தாள். வெளியே லாரி கிளம்புகிற சத்தம் இன்னும் கேட்டது.

அமுதவல்லி குடத்தை இறக்கி வைத்துவிட்டு நின்றாள். பெற்ற ஆறு வருஷத்தில் இந்தப் பெண்ணிடம் எத்தனையோ கேட்டிருக்கிறாள். அம்மான்னு சொல்லு, இங்க பாரு, சிரி, வாயைத் திற. இதை மட்டும் கேட்டதில்லை.

"உனக்கு எப்பவும் இப்பிடித்தான் இருக்குதா, கண்ணு?"

மகளைத் தொடாமல், பக்கத்தில், தானும் அந்தத் தடுப்பைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.